திண்ணைப் பேச்சுக்குத் தடை வந்தால் என்ன செய்யலாம்

தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் 31 வருடம் லஸ்கர், அதாவது தண்ணீர் திறந்து அடைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதகுச் சாவியும் டார்ச் லைட்டுமாகக் கரையில் நடப்பதுதான் வேலை. சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வயலும் இருக்கிறது. எங்கள் ஊர் மெயின் ரோட்டில் ஓர் உரக்கடை உண்டு. அதன் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது பேர் கூடுவோம். 1989இல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்தார்கள். தண்ணீர் விடுகிறவன் கைக்குள் இருந்தால் நல்லது என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு அந்தத் திண்ணை இரண்டாவது வீடாகிவிட்டது.

கடைக்கார அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் கடையை ஒரு கம்பெனிக்கு விற்றார். புதுப் பெயின்ட், ஏசி, கம்ப்யூட்டர் பில் எல்லாம் வந்தன. ஆடி மாதம் திண்ணைத் தூணில் ஒரு பலகையும் வந்தது. ‘இங்கு விவசாயம் தொடர்பான பேச்சு மட்டும். பிற பேச்சுகளுக்கு அனுமதி இல்லை. நிர்வாகம்.’

சலூனிலும் டீக்கடையிலும் ‘அரசியல் பேசாதீர்கள்’ என்ற எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாம். இது அதைவிடப் பெரிய தடை. மகள் கல்யாணம், பேரனின் பரீட்சை, அம்மையின் கண் ஆபரேஷன், காலை ஐந்தரை பஸ் ஏன் நிற்காமல் போகிறது என்பது எல்லாமே ஒரே நாளில் ‘பிற பேச்சு’ ஆகிவிட்டது.

களக்காட்டிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் எனக்குத் தெரிந்தவர்கள் தங்கள் ஊரிலும் இப்படித் தடை வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். ஒருவருக்குப் பால் சொசைட்டி வராந்தா, இன்னொருவருக்கு கைமாறிப்போன ஒரு ரைஸ்மில்லின் களம். எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். நாங்கள் என்ன செய்தோம், எதில் தவறினோம் என்பதை எழுதினால் அவர்களுக்கு உதவும்.

பலகையைப் பார்த்ததும் செய்ய வேண்டியது

முதல் வாரம் யாரும் கோபத்தில் எதுவும் செய்யாதீர்கள். பலகை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கடை மேனேஜர் முப்பது வயதுப் பையன், வெளிமாவட்டத்துக்காரன். அவன் எழுதவில்லை, மேலிடத்திலிருந்து மெயில் வந்தது, அவன் அச்சடித்து மாட்டினான். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. மதகை அடைக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தால், ஊர்க்காரர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். அதை முப்பது வருடம் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

காரணத்தைக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் சொல்ல மாட்டார்கள். கடை ஓய்ந்திருக்கும் மத்தியான நேரத்தில், தனியாக, ரெண்டு தடவை போய்க் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் இது. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் சமயத்தில் திண்ணையில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை யாரோ போனில் எடுத்து அனுப்ப, அது கம்பெனி மேலிடம் வரை போய்விட்டது. அடுத்தது, திண்ணையில் ஆண்கள் நிறைந்திருப்பதால் உரம் வாங்க வருகிற பெண்கள் ரோட்டிலேயே தயங்கி நிற்கிறார்கள். இந்த ரெண்டும் நியாயமான குறைகள். குறிப்பாக இரண்டாவது குறையை நாங்கள் முப்பது வருடமாகக் கவனிக்கவே இல்லை. அதற்கு இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு அந்தக் கம்பெனி விற்ற மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் திண்ணையில் சொன்னார். அடுத்த வாரம் அந்த மருந்து அலமாரியிலேயே நின்றது. விவசாயப் பேச்சு மட்டும் என்று பலகை சொன்னாலும், அவர்களுக்குப் பிடிக்காத விவசாயப் பேச்சும் உண்டு.

நியாயமான குறையை நீங்களே அன்றைக்கே சரி செய்துவிடுங்கள். சொல்லாத காரணத்தைச் சண்டையாக்காமல் மனதில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இடம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று கணக்குப் போட அது உதவும்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நாங்கள் இதைத் தாமதமாகச் செய்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான்கு ஞாயிற்றுக்கிழமை, என்ன பேச்சு வந்தது, அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். பழைய சம்பவங்களையும் ஆளுக்கொன்றாகக் கேட்டு எழுதுங்கள். ‘சும்மா அரட்டை’ என்று நாமே நம் பேச்சைக் குறைவாக நினைத்துக்கொண்டிருப்போம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. குடையோடு ஒன்பது பேர்தான் வந்தோம். ஒருவர் முகம் சரியில்லை. மாஞ்சோலை மலைமேல் நாலுமுக்கில் கட்டிக்கொடுத்த மகளோடு ராத்திரி பேசினாராம், மழை ஓயவே இல்லை என்றாளாம், அதோடு லைன் கிடைக்கவில்லை. பலகைப்படி பார்த்தால் இது குடும்பப் பேச்சு. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அந்த மலையில் அப்படிக் கொட்டினால் மணிமுத்தாறு என்ன ஆகும், ஆறு எந்நேரத்துக்குக் கரை ஏறும் என்று என் கால்களுக்குத் தெரியும். ‘வே, மோட்டாரைக் கழத்துங்க, இப்பவே’ என்றேன். ஆற்றோரம் இருந்தவர்களுக்கு ஆள் அனுப்பினோம். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்களில் ஏழு பேருடைய மோட்டார் தப்பியது. அவருடைய மகளும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பதாகப் பிறகு தகவல் வந்தது.

இன்னொன்று. மனைவி இல்லாமல் தனியாக இருக்கும் ஒருவர் ரெண்டு வாரமாகத் திண்ணைக்கு வரவில்லை. ‘எங்கவே அவரு?’ என்று ஒருவர் கேட்டார். போய்ப் பார்த்தால் சர்க்கரை நோயில் கால் புண்ணாகிப் படுத்திருந்தார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு விரலோடு போயிற்று, கால் மிஞ்சியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விஏஓவிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் போய்ப் பதிய வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே பதினோரு குடும்பம் அட்டை எடுத்தது.

விவசாயத் தகவலே கூட நேராக வராது. மருமகன் வீட்டு வளைகாப்புக்குக் கடையம் போய் வந்த அக்கா, சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், ‘அங்கன வயலெல்லாம் தீஞ்ச மாதிரி கெடக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னாள். நெல்லின் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான் அது. நாங்கள் மறுநாளே தூரைப் பிரித்துப் பார்த்து, வயலில் நின்ற தண்ணீரை வடித்தோம். ‘விவசாயம் மட்டும் பேசு’ என்றிருந்தால் அவள் வாயே திறந்திருக்க மாட்டாள். வளைகாப்பிலிருந்து தொடங்கினால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

எங்கள் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. வெட்டும்போது ஒரு பசுவை முன்னே விட்டு, அது போன வழியெல்லாம் வெட்டினார்களாம். அது நின்ற இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். அந்தக் கால்வாயில்தான் இன்றைக்கு 12,500 ஏக்கர் பாய்கிறது. பேச்சையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எங்கே போகிறது என்று முதலிலேயே கேட்டு மறித்தால் குளம் இருக்காது.

பேசப் போகும்போது

நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். யார் போவது என்பதில் கவனம் வேண்டும். அதிகம் உரம் வாங்குகிறவர் ஒருவர், ஒரு பெண், ஒரு இளவட்டம் என்று மூன்று பேர் போதும். வாய் அதிகம் உள்ளவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் முதலில் செய்த தப்பு, 43 பேர் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியது. அதில் கடையில் மூட்டை தூக்குகிற தம்பியும் ஆசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனுக்கு வேலை போகும் நிலை வந்தது. அண்ணாச்சியே போய்ப் பேசித்தான் தப்பினான். உடைமைக்காரரிடம் சம்பளம் வாங்குகிற யாரையும் இதில் இழுக்காதீர்கள். அவர்களே முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எது உரிமை, எது சலுகை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உரம் இருப்பு எவ்வளவு, விலை என்ன என்று கடையில் எழுதி வைக்க வேண்டும், விற்றதற்குப் பில் தர வேண்டும் என்று 1985ஆம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அது நமக்கு உரிமை. திண்ணையில் உட்கார இடம் தருவது கடைக்காரரின் சலுகை. ‘இருப்புப் பலகை சரியில்லை என்று விவசாய ஆபீஸில் எழுதிப் போடுவோம், தானாக வழிக்கு வருவார்கள்’ என்று எங்களில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பலகை சரியில்லை என்றால் அதற்காகப் புகார் கொடுக்கலாம். இன்னொரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு புகார் எழுதினால், அதன் பிறகு நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேட்பதைச் சின்னதாக, அளவோடு கேளுங்கள். குளத்தில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலுங்கு வைக்கிறவன் நடுக்கரையில் வைக்க மாட்டான். ஓரத்தில், இத்தனை அடி அகலம் என்று அளந்து வைப்பான். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: ஞாயிறு ஆறரை முதல் எட்டரை வரை, கடை திறக்கும் முன்பு, வெளித் திண்ணையில் மட்டும். நாங்களே பெருக்கிவிட்டுப் போவோம். வாசலுக்கு நேரே யாரும் உட்கார மாட்டோம். சாதிப் பேச்சு கூடாது, கட்சிக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது, சீட்டுப் பணம் கடன் பணம் பேசக் கூடாது. மீறினால் அந்த ஆள் நான்கு வாரம் வரக் கூடாது.

இந்த விதிகளில் சாதிப் பேச்சைப் பற்றியதை எந்த ஊரிலும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஒரு வார்த்தை அரிவாளில் போய் முடிந்த கதைகள் உங்களுக்குத் தெரியும். பழைய அண்ணாச்சி இதில் கெட்டிக்காரர். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் கையிலிருந்த காப்பித் தம்ளரைத் தரையில் ணங்கென்று வைப்பார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். அப்படி ஒரு ஆள் இல்லாத கூட்டம் நிலைக்காது. யார் அந்தத் தம்ளரை வைக்கப் போகிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ரெண்டு மாதம் நன்றாக நடந்தது. அப்புறம் திண்ணையைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஸ்பிரேயர் மெஷின்களை அடுக்கினார்கள். சொல்லாத காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அடுத்த இடத்தை முன்கூட்டியே தேடுங்கள்

பேச்சு வார்த்தை நடக்கும்போதே அடுத்த இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். முழுதாக அடைபட்ட பிறகு தேடினால் ஆட்கள் சிதறிவிடுவார்கள். நாங்கள் பார்த்த இடங்களைச் சொல்கிறேன்.

கோயில் மண்டபம் குளிர்ச்சியாக, விசாலமாக இருந்தது. ஆனால் வந்துகொண்டிருந்தவர்களில் நான்கு பேர் ‘அங்கன வேண்டாம் அண்ணாச்சி’ என்று மெதுவாகச் சொன்னார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. ரெண்டு பேர் வேறு மதம். ரெண்டு பேர் அந்தத் தெருவுக்குள்ளேயே உட்கார்ந்து பழகாதவர்கள். உரக்கடைத் திண்ணையின் அருமையே அங்கே எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்ததுதான். அது போய்விட்டால் மிச்சம் எது இருந்தும் பயன் இல்லை. இதை அளவுகோலாக வைத்துத்தான் மற்ற இடங்களையும் பார்த்தோம்.

டீக்கடையில் பெஞ்சுக்கு ஆள் மாற வேண்டும், ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பாவம் அவர் பிழைப்பு கெடும். நூலகத்தில் சத்தம் கூடாது. படித்துறை ஆண்களுக்குச் சரி, பெண்கள் குளிக்க வரும் நேரத்தில் நாம் அங்கே இருப்பது முறையில்லை. பஞ்சாயத்து அலுவலகத் திண்ணை கட்சிக்காரர் கைக்குப் போய்விடும்.

கடைசியில் கால்வாய்க் கரையில், பஸ் நிறுத்தத்திலிருந்து நூறடி தூரத்தில், ஒரு பழைய நெற்களம் கிடைத்தது. ஓரத்தில் ஒரு வேப்ப மரம். அறுவடை நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும், அதாவது கார், பிசானம் என்ற ரெண்டு நெல் போகத்தின் அறுப்பிலும் சில வாரம். பக்கத்து வீட்டு ஆச்சி பெண்களுக்குக் கழிப்பறைச் சாவி தருகிறேன் என்றாள். அந்த ஒரு சாவியால் ஆறு பெண்கள் வரத் தொடங்கினார்கள். முப்பது வருடத்தில் திண்ணையில் ஆறு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாறிப்போகும் நாட்கள்

பழைய இடத்தில் கிடப்பதையெல்லாம் பெயின்ட் அடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். அண்ணாச்சி கடைச் சுவரில் பாபநாசம் அணை மட்டத்தைக் கரிக்கட்டியால் எழுதி வைப்பார். எந்த வருடம் ஜூன் 1இல் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தார்கள், எந்த வருடம் திறக்கவே இல்லை, எந்த நாளில் அணை 143 அடி நிரம்பியது என்று வரிசையாக இருந்தது. கம்பெனி பெயின்ட் அடித்தபோது மூன்று மணி நேரத்தில் அது போயிற்று. போட்டோ எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் பழைய டைரிகளை வைத்துப் பாதியை மீட்டிருக்கிறேன். மீதி வராது.

புது இடத்துக்கு முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் நான்கு பேர். மூன்றாம் வாரம் தூறல், நானும் இன்னொருவரும்தான். இந்த இடத்தில்தான் பல ஊர்களில் கூட்டம் செத்துப்போகிறது. அதனால் ஆறு வாரத்துக்கு மூன்று பேர் பெயரை எழுதி, யாராவது ஒருவர் தவறாமல் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா எட்டிப் பார்க்க வருகிறவர் ஆளில்லாத களத்தைப் பார்த்தால் மறுபடி வர மாட்டார். ஒரே ஒரு ஆள் சுக்குக் காப்பித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாலும் நின்று பேசிவிட்டுப் போவார். எங்களுக்கு ஐந்தாம் வாரம் 16 பேர், மார்கழியில் 27 பேர்.

கடையிலேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. கடனுக்கு உரம் வாங்குகிறவர்கள் எப்படி வருவார்கள்? அவர்களைக் ‘கம்பெனி ஆள்’ என்று சொல்லாதீர்கள். எங்களில் ஒருவர் அப்படிச் சொல்லி, 20 வருடப் பழக்கம் ஒன்று முறிந்தது. இன்னும் ஒட்டவில்லை. நானும் உரம் அங்கேதான் வாங்குகிறேன். உரம் வாங்கக் கைரேகை வைக்கிற மெஷின் சிக்னல் இல்லாமல் நிற்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களிடம், ‘ஞாயித்துக்கிழமை களத்துக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டு வருகிறேன். மேனேஜர் தம்பிக்கும் அது காதில் விழும். ஒன்றும் சொல்ல மாட்டான்.

வாட்ஸ்ஆப் குரூப் போதாதா என்று இளவட்டங்கள் கேட்டார்கள். கம்பெனியும் ஒன்று வைத்திருக்கிறது, அதில் அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும், பூச்சி மருந்து விளம்பரம் வரும். நாங்களும் ஒன்று தொடங்கினோம். மழைக்கும் சாவுச் செய்திக்கும் அது நல்லது. ஆனால் ரெண்டு வாரம் பதில் போடாதவனை ‘எங்கவே அவரு?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நோட்டை இப்போதும் எழுதுகிறோம். எழுதுகிறவர் மாதம் ஒருவராக மாறுவார். எழுதத் தெரியாதவர் சொல்ல, பேத்தி எழுதினாலும் சரிதான். மாதக் கடைசியில் ஒரு நகல் எடுத்து வேறு தெருவில் உள்ள வீட்டில் வைக்கிறோம், ஒன்று வெள்ளத்தில் போனாலும் மற்றது இருக்க வேண்டுமே. இந்த மாதம் அது கடையத்துக்கு மகளைக் கட்டிக்கொடுத்த அக்காவிடம் இருக்கிறது. அணை மட்டம் எழுத முதல் பக்கத்தில் அவளே கோடு போட்டு வைத்திருக்கிறாள்.